சத்தம் வராத தரை

டைல்ஸ் மேஸ்திரிக்கு ஒரே தங்கை. வயது முப்பத்து நான்கு. வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான்.

ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. குப்பிகளில் ஒட்டும் சீட்டைக் கணினியில் அடிக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். நாளொன்றுக்கு நானூறு குப்பி. பதினோரு வருடத்தில் ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போனதில்லை. இந்தச் செய்தியை மேஸ்திரி தரை போடப் போகிற எல்லா வீட்டிலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், சொல்லிவிடுவார். அப்பா போனபோது பாப்பாவுக்கு ஒரு வயது, தனக்குப் பதினான்கு, எட்டாவதோடு தான் நிறுத்திக்கொண்டு அவளைப் பட்டம் வரை படிக்க வைத்தது எல்லாம் அதே மூச்சில் வந்துவிடும். வீட்டுக்காரர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். தரை போடுகிற ஆளிடம் முகம் சுளிக்க யாருக்கும் துணிச்சல் வராது.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அவர் போட்ட தரையில் பொக்கைக் கல் கிடையாது. கல் ஒட்டிய மறுநாள் காலை, கல்லுக்குக் கல் உள்ள சந்தைப் பூசுவதற்கு முன்னால், கரணையின் மரப்பிடியால் ஒவ்வொரு கல்லையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டுவார். அடியில் கலவை நிறைந்திருந்தால் 'டக்' என்று இறுக்கமான சத்தம் வரும். காலி இருந்தால் 'டொக்' என்று வரும். டொக் என்றால் அது பொக்கை. இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஒருநாள் பீரோவின் கால் அதன் மேல் நிற்கும், கல் விரிசல் விடும். அதனால் தட்டி முடிக்காமல் மேஸ்திரி சந்து பூசியதில்லை. முதல் நாள் கல் ஒட்டியதும் வாசலில் குறுக்கே ஒரு பலகை வைத்துவிடுவார். இருபத்து நான்கு மணி நேரம் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. வீட்டுக்காரரே ஆனாலும் சரி.

"இருபத்தேழு வருஷம். ஒரு பொக்கை கிடையாது. வேணும்னா தட்டிப் பாருங்க" என்பார். யாரும் தட்டிப் பார்த்ததில்லை.

பாப்பா சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்புவாள். டீ குடிப்பாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நீச்சல்காரர்கள் போடுவதைப் போல ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொள்வாள். இரண்டு கையிலும் இரண்டு பிடி. எட்டரை வரைக்கும் அவள் இந்த வீட்டில் இல்லை. அந்தக் கண்ணாடிக்குள் ஓர் உலகம் இருக்கிறதாம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கொரு உருவம் எடுத்துக்கொண்டு அங்கே வந்து பேசுகிறார்களாம், வீடு கட்டுகிறார்களாம்.

அதைப் பற்றி மேஸ்திரிக்கு ஒரே கருத்துதான். வெட்டி வேலை. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பாப்பாவின் சிரிப்பு கேட்கும்போது அந்தக் கருத்து கொஞ்சம் ஆட்டம் காணும். சாப்பாட்டு மேசையில் அவள் வாயிலிருந்து வருவது மூன்றே சொல். ம், சரி, போதும். அங்கேயோ வாய் ஓயாத பேச்சு, நடுநடுவே சிரிப்பு.

"உங்க தங்கச்சி சிரிக்கிறா. போய்க் கதவுக்கிட்ட நில்லுங்க, நல்லாக் கேட்கும்" என்பாள் மேஸ்திரியின் மனைவி.

அவர் ஏற்கெனவே கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருப்பார்.

ஒருநாள் கேட்டே விட்டார். "உள்ள யாரு பாப்பா?"

"ஃபிரெண்ட்ஸ்ணா."

"எங்க இருக்காங்க?"

"அங்கதான். என் வீட்டுக்கு வருவாங்க."

"உன் வீடா?"

"நான் கட்டின வீடு. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

மேஸ்திரி டீ டம்ளரைக் கீழே வைத்தார். நீ என்றைக்கு வீடு கட்டினாலும் தரை என்னுடையது என்று அவளுக்கு ஏழு வயதிலேயே சொல்லியிருந்தார். அவள் கட்டவில்லை. இருவரும் அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்திப் பத்து வருடம் இருக்கும். இப்போது கட்டியிருக்கிறாள். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"தரை யாரு போட்டது?"

"அதுவே வந்துச்சுண்ணா. பட்டன் அமுக்கினா வரும்."

அவளுடைய பழைய கண்ணாடி ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை அவர் தலையில் மாட்டிவிட்டாள். அறையின் நடுவே கனத்த பாய் ஒன்றை விரித்து, அதை விட்டு இறங்க வேண்டாம், சுவரில் முட்டிக்கொள்வாய் என்றாள். அவருக்காக ஓர் உருவமும் ஆயத்தமாக இருந்தது. அகன்ற தோளும் முறுக்கிய மீசையும் கொண்ட ஓர் ஆள். அங்கிருந்த நிலைக்கண்ணாடி முன் நின்று அதைத் தலை முதல் கால் வரை பார்த்த மேஸ்திரி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"காதுல பென்சில் இல்ல."

பாப்பா பென்சில் வைத்துக் கொடுத்தாள்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. உயரமான கூடம், பெரிய ஜன்னல்கள், வெளியே கடல். கடலை அவர் பார்க்கவில்லை. வாசற்படியில் காலை வைத்ததும் குனிந்துவிட்டார். அளவுக்கு நறுக்கிய வெட்டுக்கல் எல்லாம் வாசலில் இருந்தது. முழுக்கல் எல்லாம் உள்மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில் இருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சந்தே இல்லை. ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நின்றன.

"வெயில்ல விரிஞ்சா இதெல்லாம் எங்க போகும்?"

"இங்க வெயிலே கிடையாதுண்ணா."

"ஜன்னல்ல அடிக்குதே."

"அது சும்மா வெளிச்சம்."

மேஸ்திரி குளியலறைக்குப் போனார். "தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

"தண்ணியும் கிடையாது."

"ஊத்தினா?"

"ஊத்த முடியாது."

"ஊத்த முடியாத குளியலறைய எதுக்குக் கட்டின?"

அன்றைக்கே மேஸ்திரி தரையைப் பெயர்க்கத் தொடங்கினார்.

புதிதாகப் போட்டு முடிக்க ஆறு நாள் சாயங்காலம் ஆயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தபடி விரலால் அமுக்கினாலே கல் போய் உட்காரும் என்று பாப்பா சொல்லிப் பார்த்தாள். உட்கார்ந்துகொண்டு கல் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பாயில் மண்டியிட்டார். வாசலிலிருந்து முழுக்கல், சரியாக இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், சந்து, குளியலறையில் தண்ணீரே போகாத வடிகுழாயை நோக்கி ஒரு சாய்வு. எட்டிப் பார்த்த அவர் மனைவி, கறுப்புக் கண்ணாடி போட்ட தன் புருஷன் நாலு காலில் நின்றுகொண்டு வெறும் பாயைத் தடவுவதைக் கண்டாள்.

"என்ன தொலைஞ்சுது?"

"தரை போடறேன்."

"நம்ம அடுப்படில ஒரு கல்லு ஓரம் பேந்து ஒரு வருஷமாச்சு."

"பார்க்கறேன்."

முதல் கல்லை ஒட்டியதும் பிடியால் தட்டினார். சத்தம் வரவில்லை. மறுபடி தட்டினார். பஞ்சைத் தட்டுவது போல இருந்தது. தட்டினால் சத்தம் வருகிற மாதிரி இங்கே செய்யவில்லை என்றாள் பாப்பா. இருந்தாலும் ஒவ்வொரு கல்லையும் ஐந்து இடத்தில் தட்டிக்கொண்டே போனார். நாலைந்து நாள் தட்டினார். பிறகு எப்போதோ நின்றுபோயிற்று. நின்றது அவருக்கே தெரியாது.

கடைசிக் கல் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில்தான் பாப்பாவின் வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். அவள் வந்து பார்த்தபோது வாசலில் குறுக்கே ஒரு பலகை இருந்தது. வெளியே பதினோரு பேர். ஒருத்தி விளக்குக் கம்பம் போல உயரமாக இருந்தாள். ஒருவர் தவளை. அவர் எங்கோ ஓர் ஊரில் லிஃப்ட் பழுது பார்ப்பவர், நன்றாகத் தமிழ் பேசுவார்.

"அண்ணா, இங்க காய வேண்டியது எதுவுமே இல்ல" என்றாள் பாப்பா மெதுவாக.

"இருபத்து நாலு மணி நேரம்."

"மேஸ்திரி, நான் தவளைங்க. எனக்கு எடையே கிடையாது. ஒரே தாவா உள்ள போயிடறேன்" என்றது தவளை.

"எடை இல்லாதவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவர்கள் கடற்கரையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் பலகையை எடுத்தார். உள்ளே வந்தவர்கள் யாரும் சுவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. விளக்குக் கம்பம் போன்றவள் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, சந்துக்கோடு வாசலிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரே நேராக ஓடுவதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மேஸ்திரிக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ கூடங்களுக்குத் தரை போட்டிருக்கிறார். நன்றாயிருக்கிறது என்பார்கள், சொல்லிக்கொண்டே அதன் மேல் சோபாவை இழுத்துப் போடுவார்கள்.

அதன்பின் தவளை வீட்டு முன்கூடம், விளக்குக்கம்பத்தின் மாடி என்று வேலை வந்துகொண்டே இருந்தது. வெளியில் யாராவது கேட்டால் மேஸ்திரி இன்னமும் வெட்டி வேலை என்றுதான் சொன்னார். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாப்பாவுக்கு முன்பே பாயில் மண்டியிட்டிருந்தார்.

"முன்னாடி ஒருத்தி உள்ள சிரிச்சா. இப்ப ரெண்டு பேர்" என்றாள் மனைவி.

வீட்டிலும் ஒரு மாறுதல் வந்தது. சாப்பாட்டு மேசையில் பாப்பா பேசத் தொடங்கினாள். தவளை வீட்டு மூலையில் வெட்டுக்கல்லை எந்தப் பக்கம் விடுவது என்று ஒருமுறை முக்கால் மணி நேரம் பேசினார்கள். கை காய்ந்துபோனது. பேச்சோடு பேச்சாகப் பரிசோதனைக் கூடத்துக் கதைகளும் வந்தன. புது மேலதிகாரி குப்பியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வாராம். பதினோரு வருடமாக அவள் வேலை பார்க்கிற அந்த இடத்தில் ஜன்னலே கிடையாது என்பது மேஸ்திரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்படி இரண்டு மாதம் போனபின் ஒரு பல் டாக்டர் கூப்பிட்டார். புதிதாகத் திறக்கப்போகும் மருத்துவமனைக்குத் தரை. புதன்கிழமை கல் ஒட்டினார், வியாழக்கிழமை சந்து பூசினார். அடுத்த வாரம் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"வேலை பிரமாதம் மேஸ்திரி. ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

பிரமாதமான வேலைக்கு எதற்குக் கூப்பிடுகிறார் என்று யோசித்துக்கொண்டே போனார். டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து, அதன் இரும்புக் காம்பால் நாற்காலிக்குப் பக்கத்துக் கல்லைத் தட்டினார். டக். இரண்டு கல் தள்ளித் தட்டினார். டொக்.

"கை தவறி ரெண்டு தடவை இது கீழ விழுந்துது. ரெண்டு இடத்துல ரெண்டு சத்தம். நாங்களும் தட்டித்தான் பார்ப்போம் மேஸ்திரி, பல்லை."

மேஸ்திரி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். வியாழக்கிழமைக் காலையை முதலிலிருந்து நினைவுக்குக் கொண்டுவந்தார். பூட்டைத் திறந்தது நினைவில் இருந்தது. பலகையை எடுத்தது இருந்தது. சந்துக்குக் கலந்தது இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை. அவர் தட்டவே இல்லை.

"கலவை சரியில்லையோ என்னமோ" என்றார் டாக்டர் பெருந்தன்மையாக.

"கலவை நல்லதுதாங்க. காது சரியில்ல."

"காதை நான் பார்க்கறதில்லையே."

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்கு விடுமுறை. மேஸ்திரி முழங்காலில் நகர்ந்து நகர்ந்து அத்தனை கல்லையும் தட்டினார். நூற்றுப் பன்னிரண்டு கல். மூன்று பொக்கை. கூடவே வந்திருந்த பாப்பா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அதை எதுக்குப் பதிவு பண்றே?"

"சும்மாண்ணா."

"என் மானம் போறதையா?"

அவள் போனை இறக்கவில்லை. அவர் பொக்கைக் கல் ஒன்றை உடைத்து எடுத்தார். அடியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கலவையே இல்லை.

"அங்க தட்டினா சத்தம் வரல. சத்தம் வரலன்னு தட்டறதை விட்டேன். அதே கை இங்க வந்தும் விட்டுடுச்சு."

"அப்ப என்மேலதான் தப்பு."

"உன்மேல எதுக்கு? கை என்னோடது" என்றார். இன்னொரு கல்லையும் பெயர்த்த பிறகு சொன்னார். "இனிமே அங்க வரல பாப்பா."

அவள் சரி என்றாள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி வாளியில் போட்டாள்.

சொன்னபடியே அவர் போகவில்லை. காது திரும்பிவிட்டது. அடுத்த வீட்டில் ஒவ்வொரு கல்லையும் ஐந்து இடத்துக்குப் பதில் ஒன்பது இடத்தில் தட்டினார். வீட்டுக்காரருக்குத் தலைவலி வந்தது. அவரிடம் சொல்லும் வாக்கியத்தையும் மேஸ்திரி திருத்திக்கொண்டார். "இருபத்தேழு வருஷம். மூணு பொக்கை. மூணையும் மாத்திக் கொடுத்துட்டேன்." முதல் தடவை சொன்னபோது வீட்டுக்காரரைப் பார்க்காமல் கலவையைக் கிளறினார். தங்கையைப் பற்றிய செய்தியை அன்று அவர் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையிலும் பழையபடி ஆயிற்று. ம், சரி, போதும். பாப்பா எட்டரைக்கு வெளியே வந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, கழுவி வைத்துவிட்டுப் போனாள். அறைக்குள் சிரிப்பும் குறைந்திருந்தது. காது திரும்பியதற்கு இதுதான் விலை என்றால் அது கொஞ்சம் அதிகம் என்று மேஸ்திரிக்குப் பட்டது. ஆனால் இன்னொரு பொக்கை வந்தால் தான் மேஸ்திரியே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் அவர் மனைவி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அந்தத் தவளை எப்படி இருக்குன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன். எனக்குச் சோறு இறங்கல."

பாப்பா தலையைத் தூக்கினாள். "அண்ணா, நாளைக்கு ஒரே ஒரு தடவை வா. பத்து நிமிஷம். பிடிக்கலன்னா கழட்டி வச்சிடு."

மறுநாள் ஆறு மணிக்கு மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் போட்ட அதே கூடம். வாசலில் முழுக்கல், இரண்டு நூல் சந்து.

"தட்டு" என்றாள் பாப்பா.

"எதுக்கு? பஞ்சு மாதிரி இருக்கும்."

"தட்டுண்ணா."

மண்டியிட்டு, பிடியால் தட்டினார்.

டக்.

மேஸ்திரி கையை அப்படியே நிறுத்தினார். தெரிந்த சத்தம். பல் டாக்டர் அறையின் நாற்காலிப் பக்கத்துச் சத்தம். அடுத்த கல்லைத் தட்டினார். டக். மூலைக்கு ஒரு மாதிரி, நடுவுக்கு ஒரு மாதிரி, எப்படி வர வேண்டுமோ அப்படியே வந்தது. கேட்டதற்கு, மூன்று வாரமாக அன்றைக்குப் போனில் பதிவு செய்ததை வைத்து இதைத்தான் செய்துகொண்டிருந்தேன், சிரிக்க நேரமில்லை என்றாள் பாப்பா. அவர் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். பத்து நிமிஷம் எப்போதோ கடந்துவிட்டது. ஜன்னலோரம் ஐந்தாவது வரிசைக்கு வந்தார்.

டொக்.

மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது பல் டாக்டர்கிட்ட கேட்டது."

"அதேதான்."

"இப்படி எத்தனை வச்சிருக்க?"

"சொல்ல மாட்டேன். தினம் இடம் மாறும். தட்டாம இங்க யாருக்காவது தரை போட்டின்னா அவங்க வீட்டுலயும் இருக்கும்."

அவர் அந்தக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். பதினோரு வருடத்தில் ஒரு குப்பியும் மாறாதது எப்படி என்று அவருக்குப் புரிந்தது. பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து, கல்லின் மேல் பெருக்கல் குறி போட்டு, பெயர்க்கத் தொடங்கினார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்கு எல்லோரும் வந்தபோது வாசலில் பலகை இருந்தது.

"மறுபடியுமா மேஸ்திரி?" என்றது தவளை.

"ஒரு கல்லு மாத்தியிருக்கு."

"ஒரு கல்லுதானே. சுத்திக்கிட்டுப் போயிடறோம்."

"ஒரு கல்லுக்கும் அதே இருபத்து நாலு மணி நேரம்தான்."

தவளை படியில் உட்கார்ந்துகொண்டது. விளக்குக் கம்பம் போன்றவள் பலகைக்கு மேலாகத் தலையை நீட்டி, மாற்றிய கல் எது என்று கேட்டாள். மேஸ்திரிக்குப் பின்னால் பாப்பா சிரித்தாள். கதவு எதுவும் நடுவில் இல்லாததால் சிரிப்பு நன்றாகக் கேட்டது.

கண்ணாடியைக் கழற்றியபோது அறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். கையில் கரண்டி.

"தவளை எப்படி இருக்கு?"

"வெளியதான் உட்கார்ந்திருக்கு" என்றார் மேஸ்திரி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு. "நாளைக்குச் சாயங்காலம்தான் உள்ள விடுவேன்."